கபடி: ரெண்டாம் பாதியில கால் ஓயுது, பின்தொடை பிடிக்குது. பயிற்சியில எதை மாத்தலாம்?

கண்மாய்க்கரை:
காரைக்குடி பக்கத்துல கிராம அணி. பங்குனித் திருவிழா ஆட்டத்துக்கு 7 வாரம் இருக்கு. தினமும் காலையில 5 கி.மீ. ஓட்டம், அப்புறம் தண்டால், பஸ்கி. முதல் 20 நிமிஷம் நல்லா ஆடுறாங்க. அதுக்குப் பிறகு ரைடர்களுக்கு (பாடிப் போறவங்களுக்கு) கால் வரமாட்டேங்குது. ரெண்டு பேருக்குப் பின்தொடை அடிக்கடி பிடிக்குது.

பாக்லைன்:
அண்ணே, தினசரி ஓட்டத்தைத்தான் முதல்ல மாத்தணும். ரைடு 30 நொடி. அதுக்குள்ள பாயணும், நிக்கணும், திரும்பணும். ஒரே சீரான ஓட்டத்துல இது மூணுமே கிடையாது.

நடுக்கோட்டுல இருந்து கடைசிக்கோடு 6.5 மீட்டர். முழு வேகத்துல 30 நொடி தொட்டுத் தொட்டுத் திரும்பச் சொல்லுங்க, கபடி பாடிக்கிட்டே. பாடாம ஓடிப் பழகினா ஆட்டத்துல மூச்சு முட்டும். பிறகு 60 நொடி நடை. இப்படி 6 தடவை ஒரு சுற்று. 4 நிமிஷம் ஓய்வு விட்டு இன்னொரு சுற்று. மூணாவது வாரத்துல இருந்து மூணு சுற்று. வாரம் 2 நாள் போதும், அடுத்தடுத்த நாள் வேண்டாம். முதல் தடவை எத்தனை கோடு தொட்டாங்கன்னு எண்ணி வைங்க. அதுல ரெண்டு குறைஞ்சா அன்னைக்கு நிறுத்திடுங்க. களைச்ச காலை விரட்டினா மெதுவா ஓடத்தான் பழகும்.

செம்மண்தரை:
பின்தொடையை வலுவாக்க நார்டிக்னு ஒரு பயிற்சி இருக்கு. சரளைத் தரையில முட்டி கிழியும், சாக்கை நாலா மடிச்சுப் போடுங்க. முட்டி போட்டு நிக்கணும், கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்கணும். தோள்ல இருந்து முட்டி வரை ஒரே நேர்கோடா 4 நொடி எடுத்து முன்னால சாயணும், தாங்க முடியாதப்போ கையை ஊனணும். இடுப்பை மடக்கிடுவாங்க, அதுதான் வழக்கமான தப்பு. மடக்கினா பின்தொடைக்கு வேலை குறைஞ்சிடும். முதல் வாரம் ஒரு நாள் மட்டும், 2 சுற்று, 5 தடவை. வலி வரும். பிறகு வாரம் 2 நாளா, 3 சுற்று 8 தடவை வரை ஏத்துங்க. இப்ப பிடிச்சிருக்கிற ரெண்டு பேரும் வலியில்லாம மெல்லோட்டம் ஓடுற வரைக்கும் இதைத் தொடக்கூடாது.

வத்தின கண்மாய்க்குள்ள ஓட விடாதீங்க. வெடிப்புல கணுக்கால் மடங்கிடும்.

தேவகோட்டை கார்னர்:
ஓட்டத்தை முழுசா விடவேண்டாம். பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல வாரம் ஒரு நாள் 30 நிமிஷம் இருக்கட்டும். ரைடுக்கு நடுவுல மூச்சு சீக்கிரம் திரும்ப அது உதவும்.

எடைப்பிரிவு ஆட்டமா? எடைக்காகத் தண்ணியை நிறுத்துறதுதான் பல ஊர்ல ரெண்டாம் பாதியைக் கெடுக்குது. 60 கிலோ பையனுக்கு வேர்வையில 1.2 கிலோ குறைஞ்சாலே ஆட்டம் தளரும். பயிற்சிக்கு முன்னயும் பின்னயும் எடை பாருங்க.

கண்மாய்க்கரை:
ஆமா, எடைப்பிரிவுதான், தண்ணியையும் குறைக்கிறாங்க. கடைசி வாரம் என்ன செய்யலாம்?

பாக்லைன்:
சுற்றைப் பாதியாக்குங்க, வேகம் குறையக்கூடாது. நார்டிக்கை ஆட்டத்துக்கு 4 நாள் முன்னாடியே நிறுத்திடுங்க. எடையை இப்பவே எடுத்து, கூடுதலா இருக்கிறவங்களுக்கு ராத்திரிச் சோத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல இறக்காதீங்க.