மூன்றடுக்கு சாக்லேட் ஆரஞ்சு கேக்: ஆரஞ்சு வாசமே இல்லை, மூணாவது அடுக்கு தட்டையாகுது. ஏன்?

வெனிலா_டின்

7 இன்ச் டின்னில் மூன்று அடுக்கு. என்னிடம் இருப்பது 23 லிட்டர் ஓடிஜி (சின்ன மின் அடுப்பு), ஒரு நேரத்தில் ஒரு டின்தான் வைக்க முடியும். அளவு இதோ: மைதா 220 கிராம், கொக்கோ (டச்சு வகை) 65 கிராம், சர்க்கரை 320 கிராம், முட்டை 2, எண்ணெய் 110 மி.லி., பால் 240 மி.லி., ஆரஞ்சு ஜூஸ் 200 மி.லி., சமையல் சோடா 2 டீஸ்பூன். 180 டிகிரி, மேல் கீழ் இரண்டு ராடும் ஆன், 35 நிமிடம்.

முதல் அடுக்கு நடுவில் மலை மாதிரி எழும்பி வெடிக்கிறது. மூன்றாவது அடுக்கு தட்டை, களி மாதிரி கெட்டி. வேகும்போது வீடு முழுக்க ஆரஞ்சு மணம், சாப்பிடும்போது ஒன்றுமே இல்லை. அதோடு லேசான கசப்பும் சோப்புச் சுவையும். 25% கொழுப்பு ஃப்ரெஷ் கிரீமும் டார்க் சாக்லேட்டும் சம எடை போட்ட கனாஷ் ஓரத்தில் வழிந்துவிட்டது. நடுவில் தடவிய மார்மலேடால் (ஆரஞ்சுத் தோல் ஜாம்) மேலடுக்கு ஒரு பக்கமாக நழுவியது. எதை முதலில் திருத்துவது?

சல்லடை

சோடாவை முதலில் திருத்துங்க. பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கு.

220 கிராம் மைதா உப்புவதற்கு மட்டும்னா அரை டீஸ்பூன் சோடாவே போதும். அதுக்கு மேல போடுறது மாவில் இருக்கிற புளிப்பை முறிக்கத்தான். டச்சு கொக்கோவைக் காரம் சேர்த்துப் பதப்படுத்தியிருப்பாங்க, அதில் முறிக்கிற அளவு புளிப்பு கிடையாது. மிஞ்சுவது 200 மி.லி. ஜூஸ். அதில் இருக்கிற சிட்ரிக் அமிலத்தை முறிக்க இன்னொரு அரை டீஸ்பூன் தாராளம். நீங்க போட்டது 2. மீதி ஒரு டீஸ்பூன் எதோடும் சேராமல் கேக்கிலேயே நிற்குது, அந்த சோப்புச் சுவை அதுதான்.

இன்னொண்ணு. ஜூஸின் புளிப்பை சோடா தின்றுவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் சர்க்கரைத் தண்ணீர். நாக்குக்கு ஆரஞ்சுன்னு தெரிவதில் பாதி அந்தப் புளிப்புதான். மணமோ, வேகும்போது வீடு முழுக்கப் பரவுச்சுன்னு நீங்களே சொல்றீங்க. வீட்டில் பரவிய மணம் கேக்கில் எப்படி இருக்கும்? அதனால மாவில் ஜூஸே வேண்டாம்.

என் அளவு இது: மைதா 220, சாதா கொக்கோ 65, சர்க்கரை 320, சோடா 1 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், முட்டை 2, எண்ணெய் 110 மி.லி., கெட்டித் தயிர் 120 கிராம், பால் 120 மி.லி., வெந்நீர் 200 மி.லி. கையில் டச்சு கொக்கோதான் இருக்குன்னா சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன். வெந்நீரைக் கொக்கோ மேல ஊற்றி விஸ்க்கால் கட்டியில்லாமல் அடிச்சு, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிடுங்க. சூடா இருக்கும்போது முட்டையோடு சேர்த்தால் முட்டை திரியும்.

மூணாவது அடுக்கு தட்டையாவதற்கு உங்க ஓடிஜி காரணமில்லை. ஈரம் பட்ட நிமிஷமே சோடா நுரைக்க ஆரம்பிச்சிடும். மூணாவது டின் உள்ளே போகும்போது மாவு ஒரு மணி நேரத்துக்கு மேல காத்திருக்கு, வாயுவெல்லாம் போயாச்சு. மைதா, சோடா, பேக்கிங் பவுடர், உப்பு நாலையும் சலிச்சு மூணாப் பிரிங்க, ஒரு பங்கு சுமார் 77 கிராம் வரும். மீதி எல்லாம் சேர்ந்த ஈரக் கலவையையும் மூணாப் பிரிங்க, ஒரு பங்கு சுமார் 340 கிராம். ஈரக் கலவை ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஒரு டின் வெளியே வந்த பிறகுதான் அடுத்த பங்கைக் கலக்கணும். மாவு தெரியாத அளவுக்குக் கலந்ததும் நிறுத்திடுங்க. மாவு தண்ணியாத்தான் இருக்கும், பயந்து மைதா சேர்க்காதீங்க.

மலை எழும்புறது சூட்டால. ஓரம் சீக்கிரம் வெந்து இறுகிடுது, நடு மாவு இன்னும் பச்சையா இருக்கிறதால மேல பார்த்துக் கிளம்புது. 165 டிகிரி, கீழ் ராடு மட்டும், நடுத்தட்டு, 28 முதல் 32 நிமிடம். மேலே ஈரம் தெரிஞ்சா கடைசி 3 நிமிடம் மேல் ராடையும் போடுங்க. பழைய பருத்தித் துணியை நாலு விரல் அகலத்துக்கு மடிச்சு நனைச்சு, அலுமினியம் ஃபாயிலில் சுற்றி டின்னைச் சுற்றிக் கட்டினால் மேல்பாகம் கிட்டத்தட்ட சமமா வரும். துணி ராடில் படக் கூடாது. ஓடிஜி டயலை அப்படியே நம்பாதீங்க, 20 டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம். உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க.

தோல்துருவி

சல்லடை சொன்னது அத்தனையும் சரி. ஆரஞ்சை எங்கே வைப்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

ஆரஞ்சின் மணம் பெரும்பாலும் தோலின் மேல்பரப்பில் இருக்கும் எண்ணெய்ப் பைகளில்தான் உள்ளது. அது எண்ணெய் என்பதால் கொழுப்போடும் சர்க்கரையோடும் ஒட்டும், தண்ணீரில் நிற்காது. மூன்று பழத்தின் தோல் துருவலை 320 கிராம் சர்க்கரையில் போட்டு, சர்க்கரை ஈரமணல் மாதிரி ஆகி லேசாக மஞ்சள் ஏறும் வரை விரல் நுனியால் தேய்க்க வேண்டும். அரை மணி நேரம் மூடி வைத்து, பிறகு எண்ணெயோடு சேர்த்துக் கலக்க வேண்டும்.

எந்தப் பழம் என்பதும் முக்கியம். நம் ஊர்க் கமலா ஆரஞ்சுக்குத் தோல் சதையோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கும், துருவியில் வைத்தால் அமுங்கும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் விறைப்பாகிவிடும், அப்போது துருவலாம். அல்லது தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளையை ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட்டு, நறுக்கி, சர்க்கரையோடு மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு நாலு சுற்று. ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடாகி விழுதாகிவிடும். இறக்குமதிப் பழமென்றால் தோல் இறுக்கமாக இருப்பதால் துருவ வசதி, ஆனால் மெழுகு பூசியிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நார் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகே துருவ வேண்டும். சாத்துக்குடி வேண்டாம், தோல் மணமும் வேறு, சாறில் புளிப்பும் போதாது.

உங்கள் கசப்புக்கு சோடா தவிர வெள்ளைத் தோலும் காரணமாக இருக்கலாம். ஒரே இடத்தில் ஒரு தடவைக்கு மேல் துருவாதீர்கள். அடியில் தொப்புள் மாதிரிக் குழி உள்ள நேவல் வகை வாங்கினால் அதன் ஜூஸை முன்கூட்டிப் பிழிந்து வைக்கவும் கூடாது, காய்ச்சவும் கூடாது. பிழிந்தபோது இனிக்கும், நேரம் ஆக ஆகக் கசக்கும். அந்தப் பழத்தின் இயல்பு அது.

புளிப்புக்கு இடம் வெந்த பிறகுதான். 50 கிராம் சர்க்கரையை 50 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு இறக்கி, முழுக்க ஆறியதும் அப்போது பிழிந்த 60 மி.லி. ஆரஞ்சு ஜூஸும் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேருங்கள். இந்தப் பாகு அடுக்குக்கு 30 மி.லி., பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து உள்நோக்கி. மிஞ்சுவதை ஊற்றித் தீர்க்க வேண்டாம். இது எண்ணெய் கேக், ஏற்கெனவே ஈரம் உள்ளது. அதிகமானால் கீழடுக்கு நசுங்கும்.

தோடம்பழம்

எங்கட பக்கம் பட்டர் கேக் பழக்கம் எண்டபடியால் ஒரு விசயம் சொல்லுறன். தோடம்பழத் (ஆரஞ்சு) தோல் பட்டரோட நல்லாச் சேரும், மணமும் கூட நிக்கும், அது உண்மைதான். ஆனா கனாஷ் பூசின கேக்கை ஃபிரிட்ஜில வைக்க வேணும். பட்டர் கேக் குளிரில கல்லுப் போல இறுகும், எண்ணெய் கேக் இறுகாது. அதால அடுக்குக் கேக்குக்கு எண்ணெயே விடுங்கோ. மணமில்லாத எண்ணெய் வேணும். தேங்காய் எண்ணெய் விட்டால் தோடம்பழ வாசத்தை அமத்திப் போடும், குளிரில இறுகவும் செய்யும்.

வெனிலா_டின்

நன்றி எல்லோருக்கும். கொக்கோவை மாத்திக்கிறேன். கனாஷில் ஆரஞ்சு ஜூஸ் ரெண்டு ஸ்பூன் ஊற்றலாமா? 35% கிரீம் இங்கே எப்போதும் கிடைப்பதில்லை.

கனாஷ்_கரண்டி

ஜூஸ் ஊற்றாதீங்க. சூடான கிரீமில் புளிப்புப் பட்டால் திரிஞ்சு போக வாய்ப்பு அதிகம், 25% கிரீம் இன்னும் சீக்கிரம் திரியும். கனாஷிலும் தோல்தான். 260 கிராம் கிரீமில் ரெண்டு பழத்தின் துருவலைப் போட்டு, ஓரத்தில் சின்னக் குமிழி வரும் வரை மட்டும் சூடாக்கி, மூடி 20 நிமிடம் வைங்க. கொதிக்கக் கூடாது. வடிகட்டினதும் திரும்ப எடை போடுங்க. துருவல் கொஞ்சம் கிரீமைக் குடிச்சிருக்கும். 250 கிராம் வருகிற அளவுக்குப் புதுக் கிரீம் சேர்த்து மறுபடி சூடாக்கி, பொடியா நறுக்கிய சாக்லேட் மேல ஊற்றுங்க.

உங்க கனாஷ் வழிஞ்சது கணக்குப் பிழை. ஒன்றுக்கு ஒன்று என்பது 35% கிரீமுக்கான விகிதம். 25% கிரீமில் கொழுப்பு குறைஞ்ச இடத்தில் தண்ணி உட்கார்ந்திருக்கு. அதனால சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு. 500 கிராம் சாக்லேட்டும் 250 கிராம் கிரீமும் போட்டால் 750 கிராம் கனாஷ். நடுவில் ரெண்டு இடைவெளிக்கு 130 வீதம், மீதி வெளிப்பூச்சுக்கு. 7 இன்ச் கேக்குக்குச் சரியா இருக்கும்.

சாக்லேட் 50 முதல் 55 சதவீதம் கொக்கோ உள்ளதா வாங்குங்க. 70 போனால் கனாஷ் விறைச்சு, தடவும்போது கேக்கைப் பிய்க்கும். தோல் மணத்தையும் அமுக்கிடும். காம்பவுண்டு சாக்லேட்டில் கொக்கோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, வெயிலுக்கு நல்லா நிக்கும், ஆனா வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். இந்தக் கேக்குக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மே மாத வெயிலில் தூரம் கொண்டு போகணும்னா பாதி காம்பவுண்டு, பாதி நிஜ சாக்லேட்.

ஊற்றினதும் 2 நிமிடம் தொடாதீங்க. பிறகு நடுவில் சின்ன வட்டமாக் கிண்ட ஆரம்பிச்சு வெளியே வாங்க. எண்ணெய் தனியா மிதந்து, மணல் மாதிரி தெரிஞ்சா பிரிஞ்சிருக்கு. குப்பையில் போட வேண்டாம். வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு டீஸ்பூனா விட்டு அதே சின்ன வட்டத்தில் கிண்டுங்க, பளபளப்பு திரும்ப வரும். தடவுகிற பதம் வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி இருக்கணும். மூடி வெளியிலேயே 3, 4 மணி நேரம். அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைச்சா ஓரம் கட்டியாகி நடு இளகி நிக்கும்.

இப்போ அந்த நழுவல். மார்மலேடை ஓரம் வரை தடவியிருப்பீங்க. அடுக்கின் ஓரத்தில் கனாஷால் ஒரு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டணும், உள்ளே மெல்லிசாக் கனாஷ், அதுக்கு மேல 40 கிராம் மார்மலேடு, அவ்வளவுதான். அடுக்குகள் கிளிங் ராப்பில் சுற்றி 2 மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்திருக்கணும். சூட்டோடு அடுக்கினால் எந்த வரப்பும் நிக்காது. மேடு இருந்தால் ரம்பக் கத்தியால் குளிர்ந்த பிறகு சீவுங்க. கடைசி அடுக்கைத் தலைகீழா வைங்க, டின் அடிப்பக்கம் மேலே வந்தால் விளிம்பு கூர்மையா இருக்கும். முதல் பூச்சு மெல்லிசு, உதிர் பிடிக்க மட்டும். 30 நிமிடம் குளிர வைச்சுட்டு ரெண்டாவது பூச்சு.

முட்டையில்லா_அடுப்பு

முட்டை சேர்க்காதவர்களுக்கு: 2 முட்டைக்குப் பதில் இன்னும் 100 கிராம் கெட்டித் தயிர். பாலை 120லிருந்து 90 மி.லி. ஆக்குங்கள். தயிர் அதிகரிப்பதால் பேக்கிங் பவுடரைக் கூட்ட வேண்டியதில்லை. தாங்கும் சக்தி குறைவாக இருக்கும், அதனால் அடுக்குக்கு 20 மி.லி. பாகு போதும், ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைத்த பிறகே அடுக்கவும்.

சல்லடை

மேலே உள்ள ஒன்றோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பாதிக் காம்பவுண்டு போட்டால் விகிதமும் மாறும்னு கரண்டி சொல்லலை. காம்பவுண்டு குளிர்ந்ததும் கூடுதலா இறுகும், அப்போ 250 கிராம் கிரீமை 280 ஆக்கணும். இல்லைன்னா வெட்டும்போது ஓடு மாதிரி உடையும்.

கனாஷ்_கரண்டி

ஆமா, விட்டுட்டேன். 280 சரி.

வெனிலா_டின்

கடைசியா ஒண்ணு. மேலே ஆரஞ்சு வட்டம் நறுக்கி வைக்கலாமா? முந்தின நாள் ராத்திரியே முடிச்சு வைக்கணும்.

தோல்துருவி

பச்சை வட்டம் ராத்திரியே வைத்தால் காலையில் தண்ணீர் விட்டு கனாஷ் மேல் குளமாக நிற்கும். தோலை மெல்லிசாக நீளவாக்கில் நறுக்கி, மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டுக் கசப்பை எடுத்துவிட்டு, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த பாகில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை சிறு தீயில் வையுங்கள். கம்பித் தட்டில் இரவு முழுக்க உலர்ந்தால் கை ஒட்டாது. அதைக் காலையில் வையுங்கள். வெட்டுவதற்கு 40 நிமிடம் முன்னால் கேக்கை வெளியே எடுங்கள், குளிரோடு வெட்டினால் தோல் மணம் எழும்பாது. கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும்.