ஓடாத சர்வருக்கும் லைசென்ஸ் கணக்கு: ஸ்விட்டேக் ஃபைல் அனுபவங்கள்

கருவேலன்:
ஐபிஎம்மோட ரிப்போர்ட் சாஃப்ட்வேர் காக்னாஸ் அனலிடிக்ஸ், எந்த மெஷின்ல எது இன்ஸ்டால் ஆகியிருக்குன்னு ஸ்கேன் பண்ணி லைசென்ஸ் கணக்கு போடுற ஐபிஎம் டூல் ஐஎல்எம்டி, ரெண்டும் பார்த்தவங்களுக்கு முன்கதை வேண்டாம். எங்களுக்கு பிவியு லைசென்ஸ், அதாவது ப்ராசஸர் கோருக்கு இத்தனை யூனிட்னு கணக்கு. காக்னாஸ் ஓடுற விஎம்ல (விர்ச்சுவல் மெஷின்) 4 கோர், கோருக்கு 70, ஆக 280. இந்தக் காலாண்டு ஐஎல்எம்டி ரிப்போர்ட்டைத் திறந்தா 2520 நிக்குது.

உள்ளே போய்ப் பார்த்தா கூடுதலா ஒரு மெஷின் பேர். அது பேக்கப் போடுற ஃபைல் சர்வர், 32 கோர் பிசிக்கல் பெட்டி. அதுல காக்னாஸ் ஒருநாளும் ஓடினதில்ல. சர்வீஸ் இல்ல, ப்ராசஸ் இல்ல, போர்ட்டும் திறந்தில்ல. டிஸ்க் முழுக்கத் தேடினதுல "பழசு_தொடாதே"ன்னு ஒரு ஃபோல்டர் சிக்கிச்சு. அப்கிரேடுக்கு முன்னாடி யாரோ இன்ஸ்டால் டைரக்டரியை அப்படியே காப்பி எடுத்து வச்சிருக்காங்க. அதுக்குள்ள டாட் ஸ்விட்டேக்னு முடியுற ஒரு குட்டி ஃபைல். நோட்பேட்ல திறந்தேன். வெறும் எக்ஸ்எம்எல்: ப்ராடக்ட் பேர், வெர்ஷன், ஒரு அடையாளக் குறியீடு. அதைப் பார்த்துத்தான் இங்கேயும் காக்னாஸ் இருக்குன்னு ஐஎல்எம்டி எண்ணியிருக்கு. அந்த நாலு வரிக்குத்தான் 32 கோருக்கு 70 வீதம் 2240 பிவியு.

ஃபைனான்ஸ் மேடம் "ஓடாத சாஃப்ட்வேருக்கு எதுக்குப்பா பணம்?"னு கேட்டாங்க. ஓடுறதை இல்ல, இன்ஸ்டால் ஆகியிருக்கறதைத்தான் எண்ணுவாங்கன்னு நான் சொன்னதும் அவங்க என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துது. இப்படி வேற யாருக்காவது நடந்திருக்கா?

மழைக்காலம்:
நடந்திருக்கு ப்ரோ, ஆனா தலைகீழா. எங்களோடது பென்டாஹோ, அதுவும் ஒரு ரிப்போர்ட் சாஃப்ட்வேர்தான், பழைய வெர்ஷன். லைசென்ஸ் போட்டாச்சு, கமாண்ட் சக்சஸ்னு சொல்லிடுச்சு. சர்வரை ஸ்டார்ட் பண்ணா லைசென்ஸ் இல்லைங்குது. போட்டவர் ரூட் யூசர்ல போட்டிருக்கார், சர்வர் ஓடுறது வேற யூசர்ல. லைசென்ஸ் விவரம் எழுதுற "இன்ஸ்டால்டு லைசென்சஸ்" எக்ஸ்எம்எல் ஃபைல், போட்டவரோட ஹோம்ல டாட் பென்டாஹோ ஃபோல்டருக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். ஃபோல்டர் பேரும் புள்ளியில ஆரம்பிக்கும், ஃபைல் பேரும் புள்ளியில ஆரம்பிக்கும், ஃபைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் கமாண்டைச் சும்மா அடிச்சா கண்ணுக்கே தெரியாது. எல்எஸ் மைனஸ் ஏ அடிச்சதும் வந்து நின்னுச்சு பாருங்க, டீமே "அட!"ன்னுச்சு. அந்த ஃபைலோட பாத்தை என்விரான்மென்ட் வேரியபிள்ல காட்டினோம், பர்மிஷன் கொடுத்தோம், முடிஞ்சுது.

உங்க கேஸ்ல அந்த ஸ்விட்டேக்கை அழிச்சுட்டா வேலை முடிஞ்சுதே?

தணிக்கைத்தம்பி:
மழைக்காலம் சொன்ன கடைசி வரியோடு எனக்கு உடன்பாடே இல்லை. யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். காப்பி தேவையில்லை என்றால் அந்த ஃபோல்டரையே முழுதாக அகற்றுங்கள். தேவை என்றால் அந்தப் பாத்தை ஸ்கேனிலிருந்து விலக்குங்கள், ஏன் விலக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். டேக்கை மட்டும் பிடுங்கி எறியும் பழக்கம் வந்தால், நாளை யாரோ ஒருவர் ஓடுகிற இன்ஸ்டாலிலும் அதையே செய்வார். அப்போது நிஜமாகவே இருக்கும் சாஃப்ட்வேர் கணக்கில் வராமல் போகும். ஆடிட்டில் அதை மறைத்ததாகத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் கதை சிறியது. விஎம்களை நிர்வகிக்கும் விசென்டரின் பாஸ்வேர்டு மாறியது, ஐஎல்எம்டியில் யாரும் மாற்றவில்லை. ஐஎல்எம்டிக்கும் விசென்டருக்கும் இருந்த இணைப்பு அறுந்தது. அடியில் என்ன ப்ராசஸர் என்று தெரியாததால் கோருக்கு 70 என்பது 120 ஆகிவிட்டது. இணைப்பு அறுந்ததைக் காட்டும் சிவப்புக் குறி டேஷ்போர்டில் வாரக்கணக்கில் இருந்திருக்கிறது.

அதனால் கேட்காமலே சொல்கிறேன். சப் கெபாசிட்டி சலுகை, அதாவது விஎம்முக்குக் கொடுத்த கோருக்கு மட்டும் லைசென்ஸ் எடுக்கும் சலுகை, சும்மா கிடைப்பதில்லை. தகுதியுள்ள முதல் ப்ராடக்டை நிறுவிய 90 நாளுக்குள் ஐஎல்எம்டி நிறுவியிருக்க வேண்டும், காலாண்டுக்கு ஒரு ரிப்போர்ட்டாவது எடுக்க வேண்டும், அதை 2 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். தவறினால் விஎம்முக்குக் கொடுத்த 4 கோரை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் பெட்டியின் மொத்தக் கோரையும் கேட்கலாம். ஐஎல்எம்டிக்குக் காசில்லை, அதனாலேயே அதற்குப் பொறுப்பாள் யாரும் இருப்பதில்லை. ஒருவர் பெயரைப் போட்டுப் பொறுப்பைக் கொடுங்கள். சாஃப்ட்வேர் ஸ்கேன் வழக்கமாக வாரம் ஒருமுறைதான் ஓடும், ஆகவே இன்று அழித்துவிட்டு இன்றே எண் குறையவில்லை என்று பதறாதீர்கள். சர்வரை க்ளோன் எடுக்கும் முன், பேக்கப் ஃபோல்டரை இன்னொரு பெட்டியில் விரிக்கும் முன், லைசென்ஸ் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

மழைக்காலம்:
தம்பி, நான் சொன்னது அந்தக் காப்பியில இருக்கறதை மட்டும்தான். ஓடுற சர்வர்ல கை வைக்கச் சொல்லல. ஆனா ஃபோல்டரோட எடுக்கறதுதான் சரி, ஒத்துக்கறேன்.

செம்பருத்தி:
நான் சாஸ் 9.4 பக்கம், அதுவும் டேட்டா அனலிடிக்ஸ் சாஃப்ட்வேர்தான். வருஷாவருஷம் வர்ற சிட் ஃபைலை, அதாவது லைசென்ஸ் ஃபைலை, அப்ளை பண்ணோம். லைசென்ஸ் தேதியைக் காட்டுற ப்ராக் செட்இனிட் ஓட்டினா லாக்ல புது தேதி அழகா வந்துச்சு, எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயாச்சு. மாசக்கடைசி ரிப்போர்ட் அன்னிக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் மட்டும் காலாவதின்னு நின்னுடுச்சு. ஒரு ஸ்க்ரீன்ல லாக் புது தேதி காட்டுது, பக்கத்து ஸ்க்ரீன்ல அப்ளிகேஷன் பழைய தேதியைச் சொல்லுது. அந்தக் காட்சியை என்னால மறக்க முடியல. விஷயம் என்னன்னா, சில ப்ராடக்டுகள் மெட்டாடேட்டாவுல, அதாவது சாஸ் தன்னோட செட்டிங்ஸ் விவரத்தை வச்சிருக்கற இடத்துல, இருக்கற சிட் காப்பியைத்தான் பார்க்கும். சாஸோட டெப்ளாய்மென்ட் மேனேஜர் டூல்ல அதைப் புதுப்பிக்கத் தனி வேலையே இருக்கு. ரினியூவல் லிஸ்ட்ல அதையும் எழுதி வைங்க.

கருவேலன்:
தம்பி சொன்னபடி ஃபோல்டரை எடுத்தாச்சு. எந்தத் தேதியில எடுத்தோம், உள்ளே என்ன இருந்துச்சுன்னு ஃபைல் லிஸ்ட்டோட ரிப்போர்ட் பக்கத்துலயே சேர்த்து வச்சிருக்கேன். அடுத்த ஸ்கேன் ஓடினதும் எண்ணைப் போடுறேன். செம்பருத்தி, அந்த மெட்டாடேட்டா வேலைக்கு சர்வரை நிறுத்தணுமா? எங்க இன்னொரு டீம்ல சாஸ் இருக்கு, அவங்களுக்கு அடுத்த மாசம் ரினியூவல்.