கறி உருண்டைக்குள் அரிசி வேகவில்லை, உருண்டையும் உடைகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி – கிருஷ்ணகிரி
வழக்கமான கோலா உருண்டை இல்லை. கொத்துக்கறியோடு ஊறவைத்த அரிசியைப் பச்சையாகவே பிசைந்து உருட்டி, தக்காளிக் குழம்பில் போட்டு வேகவைக்கிற வகை. அமெரிக்காவில் இதற்கு முள்ளம்பன்றி உருண்டை என்று பெயர். வெந்த அரிசி முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரைக் கேட்டே வீட்டுப் பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள்.

அரைக் கிலோ ஆட்டுக்கறி, ஒரு டம்ளர் இட்லி அரிசி. அரை மணி நேரம் கொதித்தும் அரிசி பல்லில் நறநறக்கிறது. பாதி உருண்டை பிளந்து குழம்பே கஞ்சி ஆகிவிட்டது.

பதில் – பாலக்கோடு
இட்லி அரிசியா! முதலில் அதை மாற்றுங்கள் தம்பி. அது புழுங்கல், குண்டு வேறு, லேசில் வேகாது. பச்சரிசி போடுங்கள். அளவும் ஜாஸ்தி. அரிசி வெந்தால் மூன்று மடங்கு உப்பும், உருண்டை பிளக்காமல் என்ன செய்யும்? அரைக் கிலோவுக்கு மிஞ்சிப் போனால் அரை டம்ளர்.

பதில் – தருமபுரி, மெஸ் சமையல்
அக்கா சொல்வது சரி. ஆனால் புளிப்பை யாரும் சொல்லவில்லையே? தக்காளிப் புளிப்பில் அரிசி சீக்கிரம் மெத்தென்று ஆகாது. வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலா போட்ட தண்ணீரில் முதலில் வேகவிடுங்கள். தண்ணீர் உருண்டை முழுக நிற்க வேண்டும். அரிசி வெந்தபிறகு வதக்கி அரைத்த தக்காளியை ஊற்றுங்கள்.

உடைவதற்கு வேறு காரணம். கறியில் முதலில் உப்பு மட்டும் போட்டு, கையில் பிசுபிசுவென்று ஒட்டும் வரை பிசையுங்கள். அந்தப் பிசுபிசுப்புதான் பிடித்து நிறுத்தும். அப்புறம்தான் அரிசியும், பொடியாக நறுக்கிப் பிழிந்த வெங்காயமும். கொத்தின கறியைக் கழுவவே கழுவாதீர்கள்; துண்டாக இருக்கும்போதே கழுவி வடித்துவிட்டுக் கொத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்
கடையில் கொத்தி வாங்கி, வீட்டில்தான் கழுவினோம் அண்ணா. பொட்டுக்கடலை மாவு போட்டால் நிற்குமா?

தருமபுரி
ஒரு ஸ்பூன் போதும். அதிகம் போட்டால் அரிசிக்குப் போகிற ஈரத்தை மாவு குடித்துவிடும்.

பதில் – ஓசூர்
இவ்வளவு பாடு எதற்கு? சோறாகவே போடுங்கள். துருக்கியில் காடின்புடு கோஃப்தே என்று ஒன்று: கறியில் ஒரு பங்கை முன்பே வதக்கி, வெந்த அரிசியோடு மீதிக் கறியையும் சேர்த்துப் பிசைந்து, முட்டையில் தோய்த்துப் பொரிப்பார்கள். வேகவில்லை என்ற பேச்சே வராது.

பாலக்கோடு
அது பொரிப்பதற்குச் சரி. குழம்பில் போட்டால் சோறு குழைந்து கூழாகிவிடும்.

பதில் – பென்னாகரம்
நம் பக்கத்துச் சாமையை விட்டுவிட்டு அரிசிக்கு ஏன் அலைகிறீர்கள்? சின்ன மணி, சீக்கிரம் வெந்துவிடும். கால் மணி ஊறினால் போதும். முள் மட்டும் நீட்டாது, பிள்ளைகளைச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்
இந்த ஞாயிறு பச்சரிசி, அடுத்து சாமை. குக்கரில் வைக்கலாமா?

தருமபுரி
வேண்டாம். அகலமான சட்டியில் ஒரே அடுக்காக, கொதிக்கிற தண்ணீரில் ஒவ்வொன்றாக விடுங்கள். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். மூடி போட்டு, சிறு தீயில் முக்கால் மணி. ஒன்றைப் பிட்டு நடு அரிசியை விரலில் நசுக்குங்கள். உள்ளே வெள்ளைப் பொட்டு தெரிந்தால் தக்காளி இன்னும் காத்திருக்கட்டும்.