பேஸ்ட் முதலிலா, மை முதலிலா? பழைய புகைப்படத்துக்கான ஸ்க்ராப்புக் பக்கம்

தாழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆச்சியும் தாத்தாவும் 1960களில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கருப்பு வெள்ளைப் படத்தை நடுவில் வைத்து, 12 அங்குலச் சதுரத்தில் ஒரு ஸ்க்ராப்புக் (படங்களையும் நினைவுகளையும் அலங்கரித்து ஒட்டும் ஆல்பம்) பக்கம் செய்யவிருக்கிறேன். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாள். டிஸ்ட்ரெஸ் இங்க் பேட் சில நிறங்களிலும், கருப்பு ஆர்க்கைவல் இங்க், வெள்ளை ஜெஸ்ஸோ (அடிப்பூச்சு), மாடலிங் பேஸ்ட் (புடைப்பு எழுப்பும் கெட்டியான அக்ரிலிக் கூழ்) ஆகியவையும் கைவசம் உள்ளன. ஸ்டென்சிலுக்கு, ஆச்சி வாசலில் பயன்படுத்திய துளையிட்ட தகரக் கோல அச்சையே எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். முதலில் நிறங்களைப் பூசி, நீர் தெளித்துப் பரவவிட்டு, அதன்மேல் கோலத்தைப் புடைப்பாக எழுப்பி, கடைசியில் ஆச்சியின் சமையல் குறிப்பேட்டிலுள்ள ஒரு வரியை (அதைக் கடையில் கொடுத்து ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வாங்கியிருக்கிறேன்) ஓரத்தில் பதிப்பது என் திட்டம். இந்த வரிசை சரியாக வருமா? மூலப் படத்தையே ஒட்டலாமா?

மைக்கூடு எழுதியது:

வரிசையை மாற்றச் சொல்வேன். டிஸ்ட்ரெஸ் இங்க் காய்ந்த பிறகும் நீர் பட்டால் மீண்டும் கரைந்து நகரக்கூடிய சாய மை. நீர் தெளித்து நிறங்களைக் கலக்கவிட முடிவதற்குக் காரணமான அந்தக் குணமே, அதன்மேல் ஈரமான மாடலிங் பேஸ்டைப் பூசும்போது எதிராகத் திரும்பும். பேஸ்டிலுள்ள நீர் அடியிலுள்ள சாயத்தை மேலே இழுத்துக்கொள்வதால், வெள்ளையாக எழவேண்டிய கோலம் மங்கிய நீலமாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். ஆகவே வெற்றுத் தாளில் முதலில் பேஸ்ட், அது முழுவதும் காய்ந்த பிறகு மை, அதன்பின் நீர் என்று செல்லுங்கள். காய்ந்த பேஸ்டும் ஓரளவு மையை உறிஞ்சும். எல்லாம் முடிந்தபின் விரல் நுனியில் சிறிது வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தைத் தொட்டுப் புடைப்பின் மேல்முகத்தில் மட்டும் மெல்லத் தடவினால், கோலப்பொடி இட்டதுபோலவே வெண்மை திரும்பிவிடும்.

கோல அச்சு தாராளமாக உதவும். அச்சின் அடிப்பக்கத்தில் துளைகளின் விளிம்பு பிசிறாக இருந்தால் தாளைக் கீறும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். பேஸ்டைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் ஒரே சீராக இழுத்து, அச்சை நேர்மேலாகத் தூக்குங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பேஸ்ட் காய்ந்துவிட்டால் துளைகளிலிருந்து எடுப்பது பெரும்பாடு. உடனே கழுவித் துடைத்துவிடுவது தகரம் துருப்பிடிக்காமல் இருக்கவும் நல்லது.

ஜெஸ்ஸோவை முழுப் பக்கத்துக்கும் ஓர் அடிப்பூச்சாகப் பூசிவிட்டுத் தொடங்குங்கள். தாள் நீரில் நெளிவது வெகுவாகக் குறையும்.

அரசிலை எழுதியது:

கடைசிக் கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஜெஸ்ஸோ அக்ரிலிக் பிசினும் சுண்ணப்பொடியும் கலந்த பூச்சு என்பதால் தாளின் உறிஞ்சும் தன்மையைப் பெருமளவு அடைத்துவிடும். சாய மை அதன்மேல் இழைந்து பரவாமல் திட்டுத்திட்டாக நிற்கும். ஈரத்துணி பட்டால் பெரும்பகுதி துடைபட்டுப் போகும். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளை வாங்கிவிட்டு அதன் முதன்மையான நற்குணத்தை அடைப்பானேன்? நெளிவைத் தடுக்க, நான்கு ஓரங்களையும் பலகையில் டேப்பால் ஒட்டிவிட்டு வேலை செய்தால் போதும். நிறம் அடங்கித் தெரியவேண்டிய இடங்களில், எடுத்துக்காட்டாகப் படத்துக்குப் பின்னால், ஜெஸ்ஸோவைச் சற்றே இழுத்துவிடலாம்.

ஸ்டாம்புக்கு ஆர்க்கைவல் இங்க் சரியான தேர்வு. நன்கு காய்ந்தபின் நீரில் கலையாது. ஆனால் கோலப் புடைப்பின்மேல் நேரடியாகப் பதித்தால் எழுத்துகள் பாதிதான் விழும். மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாளில் வரியைப் பதித்து, காயவிட்டு, ஓரங்களைக் கையால் கிழித்து, மேட் மீடியத்தால் (பளபளப்பின்றி உலரும், நிறமற்ற அக்ரிலிக் பசை) ஒட்டிவிடுங்கள். மீடியம் உலர்ந்ததும் டிஷ்யூ ஏறக்குறைய மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். எழுத்து கோணலாகப் பதிந்தால் வேறொரு துண்டில் மறுபடி பதித்துக்கொள்ளலாம் என்பதே எனக்கு இம்முறையில் மிகப் பிடித்தது. மீடியத்திலும் நீர் உண்டு. ஆகவே அடியிலுள்ள டிஸ்ட்ரெஸ் மையின்மேல் அழுத்தித் தேய்க்காமல் ஒருமுறை தடவி விட்டுவிடவேண்டும்.

பழந்தாள் எழுதியது:

மூலப் படத்தை ஒட்டவேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். அக்காலக் கருப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவை ஜெலட்டின் படலத்திலுள்ள நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனவை. கந்தகம் கலந்த ரப்பர் பசை, மலிவான அட்டையிலிருந்து வரும் அமிலம், ஈரம் ஆகிய எல்லாமே அந்த வெள்ளியைக் கெடுத்து, படத்தை மஞ்சளாக்கியோ மங்கவைத்தோ விடும். உறையில் 'அமிலமற்றது' என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதிய உறுதி ஆகாது. புகைப்படத்துடன் தொடுகையில் இருக்கும் பொருள்களைச் சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 18916 என்ற தனித் தரநிலை இருக்கிறது. படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து பிரதியைப் பக்கத்தில் வையுங்கள். மூலத்தைப் பிவிசி அல்லாத பாலியெஸ்டர் உறையில் தனியே வைத்திருங்கள்.

பிரதியை எங்கே எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சாய மை ஊற்றிய வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த பிரதி, ஈரமான மீடியம் பட்டவுடன் கலங்கும். போட்டோ லேபில் அச்சிட்டது அல்லது லேசர் பிரிண்ட் அவ்வாறு கரையாது. குறிப்பேட்டின் பக்கத்தையும் லேசர் நகலாக எடுத்துப் பின்னணியில் ஒட்டலாமே.

தாழை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பேஸ்டையே முதலில் வைத்துக்கொள்கிறேன். ஜெஸ்ஸோ படத்துக்குப் பின்னால் மட்டும். இன்னும் ஓர் ஐயம். எங்கள் ஊரில் இப்போது அடைமழை. பேஸ்டை ஹீட் கன்னால் (சூடான காற்றை வீசும் கருவி) உலர்த்தலாமா? ஆல்பத்தில் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளுமோ என்றும் அஞ்சுகிறேன்.

மைக்கூடு எழுதியது:

ஈரமான பேஸ்டில் நெருக்கமாகச் சூடு காட்டினால் குமிழ் எழும். மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விட்டு, மேற்பரப்பு இறுகியபின் தேவையானால் தொலைவிலிருந்து சூடு காட்டுங்கள். ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானதே. அக்ரிலிக் பூச்சுகள் காய்ந்தபின்னும் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சற்று இளகி, அழுத்தம் பட்டால் எதிர்ப்பக்கத்தைப் பற்றிக்கொள்ளும். சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாளைப் பக்க அளவுக்கு வெட்டி இடையில் வையுங்கள். ஆல்பத்தைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வைத்தால் பக்கங்கள்மேல் எடையும் ஏறாது. ஜெஸ்ஸோ குறித்து அரசிலை சொன்னதை ஏற்கிறேன். நான் பெரும்பாலும் அக்ரிலிக் வண்ணத்தில் வேலை செய்வதால் அப்படிச் சொன்னேன், உங்கள் மைக்கு அவர் சொல்வதே பொருத்தம்.