கோத்தகிரி, ஊட்டி கட்டட சைட்டுகளில் ட்ரோன் வைத்து வேலை பார்ப்பது பிரயோஜனமா, தண்டச் செலவா?

மலைச்சாரல்:
வாரம் ஒரு ட்ரோன் சுற்று போதும். சரிவைப் படியாக வெட்டிய எந்தத் தட்டில் எவ்வளவு மண் வெட்டியாச்சு என்று கோயம்புத்தூரில் இருந்தே தெரியும். லாரி நடையை எண்ணி பில் போட்டால் தோண்டிய மண் உப்பித்தான் இருக்கும், கன மீட்டர் கூடத்தான் வரும்.

தூக்குக்குண்டு:
சமவெளிக் கணக்கு இங்கே எடுபடாதுங்க. கிளம்பும் இடத்துக்கு மேல் 60 மீட்டர் என்று பறக்கவிட்டால், சரிவு 30 மீட்டர் ஏறிய இடத்தில் பாதி உயரம்தான் மிச்சம். அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் 75 சதவீத ஓவர்லேப் 50 ஆகிடும், படங்களை ஒட்டிச் செய்கிற 3டி மாடலில் ஓட்டை விழும். சில்வர் ஓக் அடியில் தரையே தெரியாது. ஜூலை மஞ்சில் எந்த வாரம் பறப்பீங்க?

மலைச்சாரல்:
சரிவை ஒட்டியே ஏறிப் பறக்கிற மோட் இருக்கே! அளந்து தரையில் குறி வைக்கிற கட்டுப்பாட்டுப் புள்ளிகளை எல்லாத் தட்டிலும் வையுங்க. கீழே மட்டும் வைத்தால் மேலே உயரம் பிசகும்.

தூக்குக்குண்டு:
சரி, பறந்தாச்சு. தடுப்புச்சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய ஃபில்டர் ஜல்லி போட்டாங்களா, சுவரில் தண்ணீர் வெளியேறும் ஓட்டை (வீப் ஹோல்) அடைத்திருக்கா? மண் மூடினால் ட்ரோனுக்குச் சுவர் முடிந்த மாதிரிதான். மழையில் பின்னால் தண்ணீர் தேங்கித் தள்ளும்போதுதான் வெளியே வரும். மூடுமுன் ஒவ்வொரு அடுக்கிலும் அளவுக்கோல் (ஸ்டாஃப்) நிறுத்தி போட்டோ எடுக்கணும். சுவர் எண்ணும் அடுக்கும் சிலேட்டில் எழுதி படத்துக்குள்ளேயே வரணும். போன் ஜிபிஎஸ் 5 மீட்டர் தள்ளினால் சரிவில் அது அடுத்த தட்டு.

ஈரக்கான்கிரீட்:
ரெண்டு பேரும் கான்கிரீட் தளத்தை விட்டுட்டீங்க. சைட் ஆப்பில் 7 நாள் ஆச்சு என்று பச்சை விழுந்ததும் தளத்தைத் தாங்குகிற முட்டுகளைப் பிரிக்கிறாங்க. இந்தியக் கான்கிரீட் தரநிலை ஐஎஸ் 456 சொல்கிற அந்த 7 நாள், தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர் வரையான தளத்துக்கு, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு, 15 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊருக்கு. ஊட்டி ஜனவரி ராத்திரியில் எங்கே அது? பிபிசி (போர்ட்லண்ட் போஸோலானா) சிமென்ட் என்றால் இன்னும் தாமதம். வெப்பம் அளக்கிற தெர்மோகப்பிள் வயரைத் தளத்துக்குள் கம்பியில் கட்டி, அதைப் பதிவு செய்கிற லாகரை வெளியே வையுங்க. வெப்பத்தையும் நேரத்தையும் பெருக்கி கான்கிரீட் எவ்வளவு இறுகியது என்று பார்க்கிற நர்ஸ்-சால் கணக்கில் (அடிப்படை வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி) 27 டிகிரியில் 7 நாள் என்றால் 37 × 168 = 6,216 டிகிரி-மணி. சராசரி 14 டிகிரியில் அதே அளவு சேர 259 மணி, கிட்டத்தட்ட 11 நாள். அதே கலவையில் முன்கூட்டியே சோதனைக் கட்டிகளை (கியூப்) உடைத்து, எத்தனை டிகிரி-மணிக்கு எவ்வளவு பலம் என்று வரைகோடு போட்டிருக்கணும். இல்லாட்டி இந்த எண்ணை நம்பாதீங்க.

மலைச்சாரல்:
எதுக்கு இவ்வளவு? தளத்துப் பக்கத்திலேயே குளிரில் வைத்த கியூப் போதாதா?

ஈரக்கான்கிரீட்:
தாராளமா. 15 செ.மீ. கியூப் தளத்தைவிடச் சீக்கிரம் குளிரும். ரிசல்ட் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், பயமில்லை. லேப் தொட்டியில் 27 டிகிரியில் ஊறிய கியூபைக் காட்டி முட்டுகளைப் பிரிப்பதுதான் ஆபத்து.