மவுஸை அவர்கள் கையிலேயே விடுங்கள்: டெஸ்க்டாப் பழகிய, பழக்கிய அனுபவங்கள்

அவிநாசியிலிருந்து:

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். செக்கிங் டேபிளில் வருஷக்கணக்காக நின்ற அக்கா ஒருவரை, முட்டி வலி தாங்கவில்லை என்று, பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் போனில் சரளமாகப் பார்ப்பவர்தான். ஆனால் போனில் விரல் வைத்த இடத்திலேயே வேலை நடந்துவிடும். கம்ப்யூட்டரில் கை மேசை மேல் இருக்கிறது, அம்புக்குறி திரையில் ஓடுகிறது. "ஏனுங் தம்பி, நான் இங்க நகர்த்துனா அது எங்கியோ போகுதுங்களே" என்றார்.

அவரை அதிகம் படுத்தியது டபுள் கிளிக். முதல் கிளிக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கை துளி நகர்ந்துவிடும். ஃபைல் திறக்காது. சில நேரம் பட்டனை அழுத்தியபடியே நகர்த்திவிடுவார், ஃபைல் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிடும். அப்படி ஒரு எக்செல் ஃபைல் மறைந்தபோது அக்காவுக்கு முகமே வெளுத்துவிட்டது. கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். ஃபைல் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவர் எதையும் தொடப் பயப்படவில்லை. புதிதாகப் பழகுபவருக்கு முதல் நாளே காட்ட வேண்டியது இந்த ஒன்றைத்தான் என்பேன்.

மவுஸ் செட்டிங்கில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து வைத்தேன். கை பழகும்வரை ஒரே கிளிக், அப்புறம் என்டர் என்று வைத்துக்கொண்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாலிடேர் ஆடச் சொன்னேன். 1990-ல் விண்டோஸ் 3.0 உடன் அந்தச் சீட்டாட்டத்தைச் சேர்த்ததிலேயே, பிடித்து இழுத்து வைக்க ஜனங்களுக்குக் கை பழகட்டும் என்ற எண்ணம் இருந்தது. அக்காவுக்கு அது நன்றாகவே வேலை செய்தது.

அடுத்த சிக்கல் மினிமைஸ். ஜன்னல் கீழே இறங்கியதும் வேலையே அழிந்துபோச்சு என்று நினைத்து, லிஸ்ட்டை முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். "அக்கா, டேபிள்ல ஒரு பண்டல் மேல இன்னொரு பண்டல் வெச்சா அடியில இருக்கறது போயிடுமாங்க?" என்று கேட்டதும் பிடித்துக்கொண்டார். திறந்திருப்பதெல்லாம் கீழே டாஸ்க்பாரில் இருக்கும் என்று ஒவ்வொன்றாக மேலே எடுத்துப் பார்த்தார். பெருக்கல் குறியை அழுத்தினால்தான் மூடும் என்பதும் அப்போதே விளங்கிவிட்டது.

இத்தனையிலும் மவுஸை நான் அவர் கையிலிருந்து வாங்கவே இல்லை. "இங்க குடுங்க, நான் பண்றேன்" என்று பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வேலை அந்த நேரத்துக்கு முடியும். கற்றுக்கொள்ள வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஈரோட்டிலிருந்து:

எங்கள் மாமா மஞ்சள் வியாபாரி. கணக்கு ஃபைலை பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஆடிட்டர் ஆபீசுக்குப் போனார். அங்கே திறக்கவில்லை. வீட்டு டெஸ்க்டாப்பில் இருந்தது ஷார்ட்கட், அசல் ஃபைல் வேறு ஃபோல்டரில். பாவம், வெயிலில் திரும்ப வந்து எடுத்துப் போனார். ஐகானின் இடது கீழ் மூலையில் குட்டியாக ஒரு வளைந்த அம்பு இருந்தால் அது வழிகாட்டிப் பலகை மாதிரிதான். அசல் எங்கே இருக்கிறது என்று தெரிய, அதன்மேல் வலது கிளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும். இப்போது மாமா எதை காப்பி செய்தாலும் முதலில் அந்த மூலையைப் பார்க்கிறார்.

பொள்ளாச்சியிலிருந்து:

நான் பழகியது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில். 2011-ல் ஆரம்பித்த திட்டம், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் மூலமாக வந்தது. எனக்குக் கிடைத்ததில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. கூடப் படித்தவர்கள் லினக்ஸைத் திறந்தே பார்க்கவில்லை. நான் இரண்டிலும் மாற்றி மாற்றி உட்கார்ந்தேன். மெனு ஒன்றில் மேலே, இன்னொன்றில் கீழே. ஆனால் ஃபோல்டர், ஜன்னல், குப்பைத்தொட்டி எல்லாம் இரண்டிலும் உண்டு. பட்டன் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்வதை அன்றோடு விட்டேன்.

இப்போது நார் மில்லில் வேலை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், லினக்ஸில் இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டோம். மெனு அதே இடது கீழ் மூலையில் இருப்பதால் கணக்குப்பிள்ளை ஐயா பெரிதாகத் தடுமாறவில்லை. கணக்கு மென்பொருளான டாலி ஓடும் கம்ப்யூட்டரை மட்டும் தொடவில்லை, அது விண்டோஸில் ஓடுவது. டபுள் கிளிக் வராதவர்களுக்கு, லினக்ஸில் போட்டுக்கொள்ளக்கூடிய கேடிஈ என்ற டெஸ்க்டாப்பைச் சொல்வேன். அதில் ஒரே கிளிக்கில் ஃபைல் திறக்கிற மாதிரி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

கோபியிலிருந்து:

எங்க அம்முச்சிக்கு பேரன் கல்யாண போட்டோவை எல்லாம் கம்ப்யூட்டரில் பெரிதாகப் பார்க்க ஆசை. மவுஸ் பிடிக்க வந்துவிட்டது. ஆனால் "அந்த அம்பு எங்க சாமி போச்சு?" என்று ஒவ்வொரு தடவையும் தேடுகிறார். கண்ணாடி மாற்றியும் பார்த்தாச்சு. யாராவது வழி சொல்லுங்க.

அவிநாசியிலிருந்து:

விண்டோஸ்தானே? மவுஸ் செட்டிங்கில் அம்பின் அளவைக் கூட்டி, நிறத்தை மஞ்சளாக மாற்றிவிடுங்க. பாயின்டர் ஆப்ஷனில், கன்ட்ரோல் அழுத்தினால் அம்பு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கும். அதில் டிக் வைத்தால் அம்பைச் சுற்றி வட்டம் தோன்றும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸின் உருளையைச் சுற்றினால் டெஸ்க்டாப் ஐகான்களும் பெரிதாகும். எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாமல், உருளையை மட்டுமாவது அம்முச்சியைச் சுற்ற விடுங்க.