கவுன்ட்டில் ஒரு சப்நெட்டை எடுத்தால் 4 சப்நெட்டை அழிக்கப் பார்க்கிறது, உதவி தேவை

வலைமீன்:
வணக்கம் மக்களே. ஓப்பன்டோஃபு 1.9 (கிளவுட் வசதிகளைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி, டெராஃபார்மின் கிளை), ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்). 5 சிஐடிஆர் (ஐபி முகவரி வரம்பு) உள்ள ஒரு லிஸ்ட்டை கவுன்ட்டில் (எண் போட்டுப் பல பிரதி உருவாக்கும் முறை) ஓட்டி 5 சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) உருவாக்கியிருக்கிறார்கள் (எனக்கு முன்னால் இருந்தவர் டெராஃபார்ம் 1.5 காலத்தில் எழுதிய கோடு). இரண்டாவது சப்நெட் இனி தேவையில்லை, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு பிளான் (என்ன மாறும் என்ற முன்னோட்டம்) ஓட்டினால் சப்நெட்டில் மட்டும் 3 ஆட், 0 சேஞ்ச், 4 டெஸ்ட்ராய் என்கிறது!! புரொடக்‌ஷன் என்பதால் அப்ளை (நிஜமாகச் செயல்படுத்துவது) கொடுக்கக் கை வரவில்லை. டார்கெட் (குறிப்பிட்டதை மட்டும் தொடும் ஆப்ஷன்) போட்டு [4]-ஐ மட்டும் அழித்துவிடலாமா?

பழையசெர்வர்:
ஐயோ, வேண்டாம். எண் 0-இல் தொடங்குவதால் [4] உங்கள் ஐந்தாவது சப்நெட், வேண்டாதது [1]. கவுன்ட்டில் ஸ்டேட்டுக்கு (எதை உருவாக்கியது என்று கருவி வைத்திருக்கும் பதிவு) தெரிவது வரிசை எண் மட்டும்தான், நடுவில் ஒன்றை உருவினால் பின்னால் இருப்பவை எல்லாம் ஓர் இடம் முன்னால் நகரும், சிஐடிஆர் மாறினால் சப்நெட்டை அழித்துத்தான் திரும்பக் கட்ட முடியும். அதுதான் அந்த 3 ஆட், கடைசி [4]-உம் போவதால் 4 டெஸ்ட்ராய். அப்ளை கொடுத்தாலும் ஒழுங்காக முடியாது, உள்ளே மெஷின் ஓடுகிற சப்நெட்டை அழிக்க ஏடபிள்யூஎஸ் விடாது, பாதியில் நிற்கும்.

எடுத்த வரியைத் திரும்பப் போடுங்கள். லிஸ்ட்டை மேப்பாக்கி ஃபார் ஈச்சுக்கு (எண்ணுக்குப் பதில் கீயால் அடையாளம் காணும் முறை) மாற்றுங்கள், கீயாக மாறாத பெயர் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு மூவ்ட் பிளாக் (அழிக்காமல் ஸ்டேட்டில் பெயரை மட்டும் மாற்றச் சொல்வது): ஃப்ரமில் பழைய எண், டூவில் புதிய கீ. பிளானில் ஆட் 0, டெஸ்ட்ராய் 0 வந்த பிறகே அப்ளை. வேண்டாததை அதற்கு அப்புறம் தனியாக எடுங்கள்.

வலைமீன்:
நன்றி அண்ணா, சப்நெட் சுத்தமாக நகர்ந்துவிட்டது. ஆனால் ரூட் டேபிள் அசோசியேஷன் (சப்நெட்டை வழித்தடப் பட்டியலோடு இணைப்பது) 5 ஆட், 5 டெஸ்ட்ராய் காட்டுகிறது, அப்ளை கொடுக்கவில்லை.

பழையசெர்வர்:
அதுவும் கவுன்ட்டில்தானே இருந்திருக்கும்? அதற்கும் 5 மூவ்ட் பிளாக் எழுத வேண்டும்.

மேகச்செல்வி:
கையால் எழுத அலுப்பாக இருந்தால் டிஎஃப்ஆட்டோமூவ் என்று ஒரு கட்டற்ற கருவி இருக்கிறது, பிளானில் அழியப்போவதையும் உருவாகப்போவதையும் ஒப்பிட்டு மூவ்ட் பிளாக்கைத் தானே எழுதித் தரும். இன்னொன்று, அவுட்புட்டில் சப்நெட் ஐடிகளை லிஸ்ட்டாகக் கொடுத்திருந்தால் கவனம்! ஃபார் ஈச்சில் கீயின் அகரவரிசைப்படிதான் வரும். யாராவது [0] என்று எண்ணால் எடுத்து நாட் கேட்வேயில் (உள் மெஷின்கள் இணையத்துக்குப் போகும் வாசல்) கொடுத்திருந்தால் அது வேறு சப்நெட்டுக்குத் தாவப் பார்க்கும்.

வலைமீன்:
நாட் கேட்வே அப்படித்தான் இருந்தது அக்கா, கீயால் எடுக்கும்படி மாற்றிவிட்டேன். இப்போது 0, 0, 0. ஒரு சந்தேகம், இம்போர்ட் பிளாக்கில் (ஏற்கனவே இருப்பதை ஸ்டேட்டில் சேர்ப்பது) 1.7-லேயே ஃபார் ஈச் வந்துவிட்டதே, மூவ்டில் ஏன் இல்லை? கோ மொழி ஓரளவு தெரியும், நானே பேட்ச் அனுப்பலாமா?

மேகச்செல்வி:
அனுப்பலாம், ஆனால் கோடோடு போய் நிற்காதீர்கள். முதலில் ஓப்பன்டோஃபுவின் இஷ்யூக்களில் (கோரிக்கைப் பதிவுகள்) தேடுங்கள், இருந்தால் கட்டைவிரல் போட்டு உங்கள் 10 பிளாக் கதையை எழுதுங்கள், எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய அந்த ஓட்டுகளைப் பார்க்கிறார்கள். அக்செப்டட் லேபிள் விழுந்த பிறகு கை வையுங்கள். கமிட்டில் சைன் ஆஃப் (இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி வரி) கட்டாயம்.

பழையசெர்வர்:
முக்கியமானது: ஆகஸ்ட் 2023-இல் டெராஃபார்ம் எம்பிஎல் என்ற கட்டற்ற உரிமத்தை விட்டு, கட்டுப்பாடுள்ள பிஎஸ்எல் உரிமத்துக்குப் போனது, அதனால்தான் ஓப்பன்டோஃபு என்ற இந்தக் கிளையே பிறந்தது. டெராஃபார்மில் 1.6 முதல் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கோடைப் பார்த்து எழுதினால் இங்கே வாங்கவே மாட்டார்கள்.